பேரிடர்ப் படங்களும் மெய்யான பேரவலமும்: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

2022-ஆம் ஆண்டு, மழைக்காலத்தின் ஒரு முற்பகல். முதலாமாண்டு மாணவ மாணவியருக்கு, 'நான் விரும்பும் திரைப்படம்' என்னும் தலைப்பில் இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். திருத்த அமர்ந்தபோது வியப்பொன்று காத்திருந்தது. காதற்படம், நகைச்சுவைப்படம் முதலியவற்றைக் காட்டிலும் கப்பல் கவிழ்வதும், எரிமலை வெடிப்பதும், கடல் பொங்கி நகரை விழுங்குவதுமான பேரிடர்ப் படங்களையே பலர் தேர்ந்திருந்தனர். ஒரே ஒரு கட்டுரை மட்டும் அரைப் பக்கத்தில் முடிந்திருந்தது. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்து, உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவி எழுதியது அது. படத்தில் மழை வந்தால் தன்னால் பார்க்க இயலவில்லை என்றும், பெருமழை பெய்யும் இரவுகளில் தன் தாய் உறங்குவதில்லை என்றும், குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஒரு பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு லயத்தின் வாசற்படியில் விடியும்வரை அமர்ந்திருப்பார் என்றும் அவள் எழுதியிருந்தாள்.

'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று சிவப்பு மையில் குறித்து, பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். அம்மதிப்பெண் இன்றும் என்னை உறுத்துகிறது. தலைப்பை விட்டு விலகியவர் அவரா, நானா என்னும் வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நான் விரும்பிய படங்கள்

பேரிடர்ப் படங்களை இகழ்வது என் நோக்கமன்று; நானும் அவற்றை விரும்பிப் பார்த்தவனே. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'டைட்டானிக்' (1997) படத்தைப் பார்ப்பதற்கென்றே 1998-இல் நண்பர்களோடு போடியிலிருந்து மதுரைக்குப் பேருந்தேறியவன் நான். உயரமான கட்டடம் ஒன்று தீப்பற்றும் 'தி டவரிங் இன்ஃபெர்னோ' (1974), எரிமலையின் அடிவாரத்துச் சிற்றூரைக் காட்டும் 'டான்டேஸ் பீக்' (1997), 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் முடியும் கமல்ஹாசனின் 'தசாவதாரம்' (2008), கேரளப் பெருவெள்ளத்தைச் சித்திரிக்கும் மலையாளப் படமான '2018' (2023) ஆகியவையும் எனக்குப் பிடித்தவையே.

இவற்றை நாம் ஏன் விரும்புகிறோம்? காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, பார்ப்பவர் முன்னரே அறிந்திருக்கிறார். பனிப்பாறை வரப்போவதைக் கப்பலில் உள்ளோர் அறியார், நாம் அறிவோம். இரண்டாவது, கண்ணுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. ஆயிரம் பேர் மடியும் காட்சியிலும் நாம் பின்தொடர வேண்டிய இருவரைப் படக்கருவி நமக்குத் தேர்ந்து தந்துவிடுகிறது. மூன்றாவது, முடிவென ஒன்று உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் விளக்கு எரிகிறது; நாம் எழுந்து வெளியே வந்து தேநீர் அருந்துகிறோம்.

மெய்யான பேரவலத்தில் இம்மூன்றும் இல்லை என்பதை எங்கள் மலை எனக்குக் கற்பித்தது.

கலையில் வரும் தீ

போடிநாயக்கனூரில் வளர்ந்தவர்களுக்கு மலைத்தீ புதிதன்று. மாசி, பங்குனி மாதங்களில் மேற்கே மலைச்சரிவில் செந்நிறக் கோடு ஒன்று இரவில் நெளிந்து நகரும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தபடி அதனை வேடிக்கை பார்ப்பது எங்கள் இளமைக்காலப் பொழுதுபோக்கு. அத்தொலைவிலிருந்து நோக்கின் தீ அழகுடையது. மலை தீயாலான மாலை ஒன்றைச் சூடியது போலிருக்கும்.

தமிழிலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற தீ, மதுரையை எரித்த தீயாகும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். அறவோர், பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் முதலானோரை விடுத்துத் தீயோரை மட்டும் சேருமாறு பணிக்கிறாள். தீயும் அவ்வாணையைக் கேட்கிறது. கலையில் வரும் தீ சொற்கேட்கும் தீ என்பதை இங்கு நோக்க வேண்டும். அது அறம் அறிந்தது. ஆள் பார்த்துச் சுடுவது.

பேரிடர்ப் படங்களில் வரும் தீயும் வெள்ளமும் அவ்வாறே ஆணைக்குக் கட்டுப்பட்டவை. 'டான்டேஸ் பீக்' படத்தில் எரிமலை பொங்கியும் அக்குடும்பத்தின் நாய் பிழைத்துக்கொள்கிறது, அரங்கம் கைதட்டுகிறது. 'தசாவதாரம்' படத்தில் உலகை அழிக்கவல்ல கிருமியை, ஆழிப்பேரலை கொண்டுவந்த உப்புநீரே அழித்து விடுகிறது. கதையின் சிக்கலை அவிழ்க்கும் கருவியாக அலை அங்கு பயன்படுகிறது. கற்பனை என்ற அளவில் அது நுட்பமானதே. ஆயினும் 2004 டிசம்பர் 26 அன்று வந்த மெய்யான அலை எச்சிக்கலையும் அவிழ்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அவற்றுள் 6,000-க்கும் மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்திற்கு உரியவை.

குரங்கணி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவுமாக மலையேற வந்திருந்தோர், முந்திய நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, அன்று இறங்கிக்கொண்டிருந்தனர். பெண்கள் பலர், பெரும்பாலோர் இளவயதினர். சரிவில் காய்ந்து நின்ற புல்லில் பற்றிய தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அன்று மாண்டவர்களும், பின்னர் மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராக உயிர்நீத்தவர்களுமாக 23 பேரை அத்தீ கொண்டது.

அவ்விரவு போடியின் சாலைகளில் ஆம்புலன்சுகள் தேனியை நோக்கி விரைந்தவண்ணம் இருந்தன. மாடியில் நின்று மலையைப் பார்த்த நான், "ஏதோ படத்துல பாக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அருகில் நின்ற என் பெரியத்தா, ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதி முதுமை எய்தியவர், "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். "படமுன்னா முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துரலாம்ப்பா. இதுல இருந்து யாரு எந்திரிச்சு வர்றது? அந்தப் புள்ளைகளோட வீட்டுக்கு யாராச்சும் தகவல் சொன்னாங்களா, மொதல்ல அதைக் கேளு" என்றார். இலக்கியத் திறனாய்வு நூல்கள் பல பயின்றும் நான் அறியாத வேறுபாட்டை அவர் இரண்டு வரியில் உணர்த்திவிட்டார்.

திரைப்படத் தீ நாயகன் தப்பும்வரை காத்திருக்கும். மலைத்தீக்கு அப்பொறுமை இல்லை. சமதளத்தைக் காட்டிலும் மேல்நோக்கிய சரிவில் தீ விரைந்து பரவும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீத்தடுப்புத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. கீழே எரியும் தீ மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றி உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். மலையிடுக்குகள் புகைபோக்கியைப் போல் வெப்பக்காற்றை மேலே இழுக்கும். நகரத்திலிருந்து வந்தவர்க்கு இவை தெரிய வழியில்லை.

முதலில் உதவிக்கு ஓடியவர்கள் குரங்கணி ஊர்மக்களும் மலைவாழ் மக்களுமே. காயமுற்றோரைப் போர்வையில் தொட்டில் கட்டிச் சுமந்து இருட்டில் இறக்கினர். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆயினும் நாளேடுகளின் படங்களில் ஹெலிகாப்டர் பெரிதாக இருந்தது. தொட்டில் சுமந்த தோள்கள் சிறிதாகவே இருந்தன. இவ்வகையில் '2018' என்னும் படம் பாராட்டுக்குரியது. வெள்ளத்தில் படகுகளோடு வந்து மக்களைக் காத்த மீனவர்களை அது நடுவில் நிறுத்திக் காட்டியது.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நாடுவது பொருத்தமுடையது. அச்சம் தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என நான்கைக் கூறுகிறார். அழுகைக்கும் நான்கு நிலைக்களன்கள் உள. உற்றாரையும் உடைமையையும் பறிகொடுத்தலாகிய இழவு. பிறரால் எளியராக எண்ணப்படும் இளிவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்தும் அசைவு. துய்ப்பதற்குப் பொருளின்மையாகிய வறுமை என்பன அவை. உரையாசிரியர் பேராசிரியர் இவ்வழுகையை மேலும் இரண்டாகப் பகுத்துக் காண்பார். தானே துன்புற்று வருந்துதல் ஒன்று. பிறர் துன்பம் கண்டு வருந்துதல் மற்றொன்று. முன்னதை அவலம் என்றும் பின்னதைக் கருணை என்றும் வழங்குவர்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பேரிடர்ப் படங்கள் அச்சத்தை மிகுதியாகவும், அழுகையின் நான்கனுள் இழவு ஒன்றனை மட்டும் ஓரளவும் காட்டுகின்றன. இளிவு, அசைவு, வறுமை ஆகிய மூன்றும் வெள்ளம் வடிந்த பின்னரே தொடங்குவன. அப்போது படம் முடிந்திருக்கும்.

'டைட்டானிக்' வரலாற்றையே சான்றாகக் கொள்வோம். 1912 ஏப்ரல் 15 அன்று அக்கப்பல் மூழ்கியபோது 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 2,200 பேர் பயணம் செய்த கப்பலில் உயிர்காப்புப் படகுகளில் இடமிருந்ததோ 1,178 பேருக்கு மட்டுமே. மூன்றாம் வகுப்பில் வந்த ஏழைகளுள் நால்வரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர். இவற்றையெல்லாம் படம் நேர்மையாகவே உணர்த்துகிறது. கப்பல் மூழ்கும்வரை இசைத்து மடிந்த இசைக்குழுவினரைக் கண்டு கண்ணீர் விடாதார் அரியர். ஆனால் அதன் பின் நடந்த ஒன்று படத்தில் இல்லை. இறந்த 21 வயது வயலின் கலைஞர் ஒருவரின் தந்தைக்கு, மகனின் சீருடைக்கான பாக்கித் தொகையைச் செலுத்துமாறு, இசைக்குழுவை அமர்த்திய முகவர் நிறுவனத்திடமிருந்து சில வாரங்களில் கடிதம் வந்தது. தொல்காப்பியர் கூறும் இளிவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெட்டிமுடி

குரங்கணித் தீ நிகழ்ந்து ஈராண்டு கழித்து அதே மலைத்தொடர் நீரால் சரிந்தது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் வழியே மூணாற்றை அடைந்து, இராஜமலையையும் கடந்து செல்ல வேண்டிய இடம் பெட்டிமுடி. தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் அங்கிருந்தன. அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். தலைமுறைகளாக அம்மலையில் கொழுந்து பறித்தவர்கள்.

2020 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மிகுதியான மழை அங்குப் பெய்தது. இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில் மேலிருந்த மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் இறங்கியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை.

திரைப்படமாயின் அந்நேரத்தில் பின்னணி இசை எழுந்திருக்கும். எங்கோ ஓர் அறிவியலறிஞர் எச்சரித்திருப்பார். பெட்டிமுடியிலோ மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. திரைப்படத்தில் நிகழ்வதற்கு முன்னரே நாம் அறிகிறோம். இங்கு நிகழ்ந்து முடிந்த பின்னும் ஓர் இரவு முழுவதும் ஒருவரும் அறியவில்லை. இவ்விரண்டனுக்கும் இடைப்பட்ட தொலைவே கலைக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட தொலைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கும் ஒரு நாய் இருந்தது. குவி என்பது அதன் பெயர். தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி நாள்தோறும் அலைந்து, ஒரு வாரம் கழிந்த பின் ஆற்றங்கரையில் நின்று குரைத்து, குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டியது. படத்து நாய்க்குக் கைதட்டியவர்கள், இந்நாயைக் கண்டு என் செய்வது என்று அறியாது நிற்பர்.

மறுநாள், ஆகஸ்ட் 7 அன்று, கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. அதுவும் பெருந்துயரமே. மாநில அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை, விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய். பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாய். இவ்வேறுபாடு ஏன் என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. இழவு இருவர்க்கும் ஒன்றே. இளிவு ஒரு சாரார்க்கு மட்டும் உரியதாயிற்று. எஸ்டேட் லயங்கள் தொழிலாளருக்குச் சொந்தமானவை அல்ல. எனவே வீடிழந்தவர் உறவை இழந்ததோடு ஊரையும் இழந்தார். இதுவே அசைவு. கைப்பொருளும் அடையாள ஆவணங்களும் மண்ணுக்குள் சென்றபின் எஞ்சுவது வறுமை. நான்கு நிலைக்களன்களும் ஒரே ஊரில் ஒருங்கே அமைந்ததைப் பெட்டிமுடியில் காண்கிறோம்.

அம்மாணவியின் தாய் மடியில் வைத்திருந்த பையின் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. உயிர் தப்பினால் அடுத்த நாள் தொடங்கும் மூன்று துன்பங்களுக்கு எதிராக அவர் கட்டிவைத்த அணை அது.

பேரிடரே இல்லாத ஒரு படம்

குரங்கணித் தீ நிகழ்ந்த 2018-ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளிவந்தது. விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்த படம். நம் மலைச்சரிவில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி என்னும் தொழிலாளியின் கதை. சொந்தமாகச் சிறிது நிலம் வேண்டும் என்பதே அவனது ஆசை. அதற்கெனச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஏலக்காய் மூட்டை, மலைச்சரிவில் உருண்டு சிதறிப் போகிறது. இறுதியில், தனதாக இருந்த நிலத்தில் எழுந்த காற்றாலைக்கு அவனே காவலாளியாக அமர்கிறான்.

இப்படத்தில் தீயில்லை, வெள்ளமில்லை, நில அதிர்வில்லை. ஆயினும் அசைவும் வறுமையும் இளிவும் மெல்ல மெல்ல ஒருவனை மூடுவதைக் காண்கிறோம். பேரிடர்ப் படங்கள் விட்டுச்சென்ற மூன்றினையும் இப்படம் எடுத்துக்கொண்டது எனலாம். ஒரு மூட்டை சரிவதற்கும் ஒரு மலை சரிவதற்கும் இடையே அளவில் வேறுபாடு உண்டு. இழப்பவனுக்கு நேரும் நிலையில் வேறுபாடு இல்லை. இன்று என்னிடம் எவரேனும் விருப்பமான படம் எதுவென வினவினால், மதுரைக்குச் சென்று பார்த்த கப்பலைச் சொல்வதற்கு முன் இம்மலையைச் சொல்வேன்.

மாணவர் அறிய வேண்டியவை

கருணை என்பது கண்ணீரோடு நின்றுவிடலாகாது. குரங்கணிக்குப் பின் 2018-இலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை வகுத்தது. 'டைட்டானிக்' மூழ்கிய பின் 1914-இல் கடற்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை தோன்றியது. சட்டம் துயரத்திற்குப் பின்னரே வருகிறது. அறிவு முன்னரே வரலாம்.

நம் மாணவருள் பலர் மலையடிவாரத்தினர். விடுமுறையில் மலையேறுவோரும் உளர். மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புல்வெளிச் சரிவுகளைத் தவிர்க்க வேண்டும். வனத்துறையின் இசைவின்றியும் ஊரார் துணையின்றியும் ஏறலாகாது. தீயைக் கண்டால் அதற்கு மேற்புறமாக ஓடுவதும், மலையிடுக்கில் ஒளிவதும் பெருந்தவறு. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையையோ, முன்னரே எரிந்து அணைந்த நிலத்தையோ அடைய வேண்டும்.

மலையில் வாழ்வோர் மழைக்காலத்தில் நோக்க வேண்டிய குறிகளும் உள. ஓடைநீர் திடீரெனக் கலங்குவது, பெருமழையிலும் ஓடை திடீரென வற்றுவது, மண்ணில் புதிய விரிசல் காண்பது, மரங்களும் கம்பங்களும் சாய்வது, கதவு நிலை இறுகித் திறக்க மறுப்பது ஆகியன நிலம் நகர்வதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் பொருளை எண்ணாது உடனே இடம் பெயர வேண்டும். அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இன்று ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி இருக்கிறது. விபத்தைக் கண்டவுடன் படம்பிடிக்கும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. ஓர் இரவு முழுவதும் செய்தி சொல்ல ஆளின்றிக் கிடந்த பெட்டிமுடியை எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள கருவி படமெடுக்கவா, தகவல் சொல்லவா என்பதை அந்த நொடியில் தீர்மானிப்பவரே கருணையுடையவர்.

முடிவுரை

கலை அச்சத்தை இன்பமாக மாற்றித் தருகிறது. அதில் பிழையில்லை, சுவை என்பதே அதுதான். திரையில் கண்ட துயரம் மெய்யான துயரத்தைக் கண்டுகொள்ளும் கண்ணை நமக்குத் தருமாயின், அப்படம் தன் கடமையைச் செய்தது எனக் கொள்ளலாம். மெய்யான துயரைக் கண்டு 'படம் போலிருக்கிறது' என்று சொல்லி நகரும் மனத்தைத் தருமாயின், குறை பார்ப்போரிடத்தே உள்ளது. அக்குறையுடையோருள் நானும் ஒருவனாயிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அம்மாணவியை மறுவாரம் அழைத்து, விடைத்தாளைத் திரும்பப் பெற்று, முன்னைய குறிப்பை அடித்துவிட்டு மதிப்பெண்ணை மாற்றினேன். எட்டு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. "வீட்டுல இப்ப மழை எப்படிம்மா?" என்று நான்தான் கேட்டேன். "ரெண்டு நாளா வெறிச்சிருக்குங்கய்யா. அம்மா தூங்குறாங்களாம்" என்றாள்.

மேற்கே மலையில் மழை இருளும்போதெல்லாம் அவ்வன்னை நம் நினைவில் வருவாராக. அவரைப் போல் விழித்திருப்போர் உறங்குவதற்கு நாம் செய்யக்கூடியது யாது என எண்ணிப் பார்ப்போமாக.